சாரத்தில் ஏறியவரும் வீட்டில் இருந்தவரும்: நியூயார்க்கின் இத்தாலியக் கட்டடத் தொழிலாளர்

எல்லிஸ் தீவில் குடிவரவு அதிகாரிகள் கேட்ட கேள்விகள் பலவற்றுள் ஒன்று, கடல் கடந்து வந்து நிற்பவனை நடுங்க வைக்கக்கூடியது. இங்கே உனக்கு வேலை ஏற்பாடாகியிருக்கிறதா என்பதே அது. ஆம் என்று சொன்னால், ஒப்பந்தம் பேசி வெளிநாட்டுத் தொழிலாளரை இறக்குவதைத் தடுத்த 1885ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அவனைத் திருப்பி அனுப்ப இடமுண்டு. இல்லை என்று கையை விரித்தாலோ, பொதுமக்கள் தலையில் பாரமாக விழக்கூடியவன் என்ற பிரிவில் திருப்பி அனுப்ப இடமுண்டு. மனைவி மக்களோடு வந்தவனுக்கு இரண்டாவது பிரிவின் அச்சம் இரட்டிப்பு. எனவே, வேலை பேசி வைக்கவில்லை, ஆனால் எந்த வேலையும் செய்ய உடலில் வலு இருக்கிறது என்ற இடைப்பட்ட விடையைக் கப்பலிலேயே மனப்பாடம் செய்துகொண்டு இறங்கினார்கள்.

இந்த முரணைச் சுட்டிக் காட்டியவர்களுள் ஒருவர் ஃபியோரெல்லோ லா குவார்டியா. பின்னாளில், 1934 முதல் 1945 வரை, நியூயார்க் நகர மேயராக இருந்தவர். அதற்கு வெகு முன்னர், 1907 முதல் 1910 வரை எல்லிஸ் தீவில் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றினார். வேலை இல்லாதவனையும் விலக்குகிறது, வேலை உள்ளவனையும் விலக்குகிறது என்று அந்தச் சட்டத்தை அவர் தம் தன்வரலாற்றில் வியந்து குறிப்பிடுகிறார். நூற்றாண்டுகள் பழைமையான அரண்மனை வழக்காறுகளில்தான் இத்தகைய பொறிகள் உண்டு என்று நாம் எண்ணுகிறோம். குடியரசுகளும் அவற்றைச் சிறப்பாகவே செய்யும்.

1880 முதல் 1920 வரையிலான நாற்பது ஆண்டுகளில் இத்தாலியிலிருந்து அமெரிக்கா சென்றோர் நாற்பது லட்சத்துக்கும் மேல். பெரும்பாலோர் தென்னித்தாலியர், கலாப்ரியா, அப்ரூட்ஸோ, காம்பானியா, சிசிலி ஆகிய பகுதிகளின் சிற்றூர்களில் பிறந்தவர்கள். இவர்களுள் கைதேர்ந்த கொத்தனார்களும் கல்தச்சர்களும் இருந்தார்கள் என்பது உண்மை. ஆனால் எண்ணிக்கையில் மிகுந்தவர்கள் நிலத்தில் கூலிக்கு உழைத்த குடியானவர்களே. மண்வெட்டி பிடிக்கத் தெரியும் என்பதே அவர்களுடைய கல்வி. உழவைத் தொழிலாகக் கொண்டவர்கள் அமெரிக்காவின் அகன்ற வயல்களுக்குப் போகாமல் நகரத்துக் கட்டுமானத்தில் ஏன் அடைந்தார்கள் என்ற கேள்வி வரலாற்றாசிரியர்களால் பலமுறை கேட்கப்பட்டதுண்டு. விடை அவ்வளவு கடினமன்று. நிலம் வாங்கப் பணம் வேண்டும். விதைத்தால் அறுவடைவரை காத்திருக்க வேண்டும். மண் சுமப்பவனுக்கோ வார இறுதியில் கூலி. ஊரில் கடன் வாங்கிக் கப்பலேறியவனுக்கு அந்த வாரக் கூலிதான் கண்ணுக்குத் தெரியும்.

அன்றைய நியூயார்க்கும் தோண்டப்பட்டுக்கொண்டே இருந்த நகரம். 1900இல் தொடங்கிய சுரங்க ரயில் பணி, 1904 அக்டோபரில் முதல் வழித்தடம் திறக்கப்படும்வரை ஆயிரக்கணக்கான இத்தாலியரை நிலத்தடியில் வைத்திருந்தது. நகருக்குக் குடிநீர் தரும் புதிய குரோட்டன் அணை 1892இல் தொடங்கி 1906இல் முடிந்தது. அங்கும் கல்லையும் மண்ணையும் கையாண்டவர்களுள் பெரும்பான்மை இவர்களே. குரோட்டன் நீர்த்தேக்கப் பணிக்கு ஆள் தேடி 1895இல் வெளியான கூலி அறிவிப்பு ஒன்று அக்கால வரலாற்று நூல்களில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது. சாதாரண வேலையாளுக்கு நாளொன்றுக்கான கூலியை அது மூன்றாகப் பிரித்தது. வெள்ளையருக்கு 1.30 முதல் 1.50 டாலர். கறுப்பருக்கு 1.25 முதல் 1.40. இத்தாலியருக்கு 1.15 முதல் 1.25. இத்தாலியர் வெள்ளையர் பட்டியலில் இல்லை என்பதையும், அடிமைத்தளை நீங்கி முப்பதாண்டே ஆன கறுப்பினத்தவருக்கும் கீழே வைக்கப்பட்டார்கள் என்பதையும் வாசகர் கவனிக்க வேண்டும். விலைவாசிக் கணக்குகளைவிட இந்த மூன்று வரிகள் நமக்கு அதிகம் சொல்கின்றன.

சரி, வந்து இறங்கியவன் வேலையை எப்படிக் கண்டடைந்தான்? தொடக்க காலத்தில் வழி ஒன்றுதான்: ‘பத்ரோனே’. மொழி தெரிந்த, முன்னரே வந்து ஊன்றிக்கொண்ட இத்தாலியன். ஒப்பந்தக்காரருக்கு இத்தனை ஆள் என்று கணக்குச் சொல்லி இறக்குவான். ஆளிடமிருந்து வேலை பிடித்துக் கொடுத்ததற்கான தரகை முன்கூட்டியே எடுத்துக்கொள்வான். ஊருக்குத் தொலைவான வேலைத்தலமாக இருந்தால் தகரக் கொட்டகையும் அவனுடையது, ரொட்டியும் பன்றி இறைச்சியும் விற்கும் கடையும் அவனுடையது. அங்கேதான் வாங்க வேண்டும், அவன் சொன்ன விலைதான். வீட்டுக்குப் பணம் அனுப்புகிறவனும், கடிதம் எழுதித் தருகிறவனும், மிச்சக் காசைப் பாதுகாத்து வைக்கும் வங்கிக்காரனும் அவனே. சிலர் அந்தச் சேமிப்போடு ஒருநாள் காணாமல் போவதும் உண்டு. இந்தச் சுரண்டல் பற்றி அமெரிக்கத் தொழில்துறை 1897இல் அறிக்கையே வெளியிட்டது.

தமிழ் வாசகருக்கு இந்த ஆளை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பெயர் மட்டும் வேறு. நம் கங்காணிதான் அவன். அதே ஊர்க்காரன், அதே மொழிக்காரன், முன்பணம் கொடுத்துக் கடனில் கட்டுகிறவன். இலங்கைத் தோட்டங்களில் கடனைப் பற்றுச்சீட்டாக எழுதிக் கூலிகளைத் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாற்றிய ‘துண்டு’ முறை 1921இல்தான் ஒழிந்தது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அதுவே நம் கட்டுரைக்கு முக்கியம். தோட்டத்துக்குக் கங்காணி குடும்பங்களையே அழைத்துச் சென்றான். கொழுந்து பறிக்கப் பெண்ணின் கை வேண்டியிருந்தது. பத்ரோனேவுக்கோ குடும்பம் இடைஞ்சல். தனி ஆண்களை ரயில் பெட்டியில் ஏற்றி எங்கு வேண்டுமானாலும் கொண்டுபோய்க் கொட்டலாம். மனைவியும் நான்கு பிள்ளைகளும் உள்ளவனை அப்படி அலைக்கழிக்க முடியாது. அவன் மாலையில் வீடு திரும்ப வேண்டும்.

எனவே மனைவியை வரவழைத்துக்கொண்ட ஒவ்வோர் ஆணும் பத்ரோனேயின் கைப்பிடியிலிருந்து ஓரடி விலகினான் என்று சொல்லலாம். இதைப் பொருளாதார வரலாற்று நூல்கள் போதிய அழுத்தத்துடன் சொல்லவில்லை என்பது நம் கருத்து. குடும்பம் வந்தபின் வேலை தேடும் வழியே மாறிற்று. ‘பாயேசானி’ எனப்படும் சொந்த ஊர்க்காரர்கள் ஒரே தெருவில், முடிந்தால் ஒரே கட்டடத்தில் குடியேறினார்கள். மன்ஹாட்டனில் மல்பெரி தெரு நேப்பிள்ஸ் பகுதியினருக்கு, எலிசபெத் தெரு சிசிலியருக்கு என்று பகுத்துக்கொண்டார்கள். வேலைச் செய்தி மேஸ்திரியின் வாயிலிருந்து அவன் மைத்துனனுக்கு, மைத்துனனிடமிருந்து ஞானத் தந்தைக்கு, அங்கிருந்து மாடிப்படியில் துணி காயப்போடும் பெண்களுக்கு என்று ஓடியது. நாளை காலை எந்த மூலையில் எத்தனை ஆள் வேண்டும் என்பதை அலுவலகங்களைவிட அடுப்படிகள் முன்னதாக அறிந்திருந்தன. சாந்து சுமக்கச் சேர்ந்தவன் மாமனின் பக்கத்தில் நின்று கரணை பிடிக்கக் கற்றான். தூக்குக்குண்டு விட்டுச் சுவரின் செங்குத்தைப் பார்க்கவும், நூல் பிடித்து வரி பிசகாமல் செங்கல் வைக்கவும் கற்றான். சித்தாளாக நுழைந்தவன் கொத்தனாராக ஏறுவதற்கு இருந்த ஏணி உறவுமுறைதான். உறவில்லாதவனுக்கு அந்த ஏணியின் முதற்படிகூட எட்டாது என்பது இதன் மறுபக்கம்.

சித்தாள் என்றதும் நம் மனத்தில் எழுவது தலையில் சும்மாடும் கையில் சாந்துச் சட்டியுமாக நிற்கும் பெண்ணின் உருவம். நியூயார்க்கில் அது ஆணின் வேலை. இரண்டு பலகைகளைக் கூர்முனையாகச் சேர்த்துச் செய்த தொட்டியை நீண்ட கம்பின் முனையில் பொருத்தி, அதில் செங்கல்லோ சுண்ணாம்புச் சாந்தோ நிரப்பி, தோளில் சாய்த்து, ஏணி வழியே மாடி மாடியாக ஏறுவார்கள். மேலே கொத்தனார் கை ஓய்ந்து நிற்கக் கூடாது. நின்றால் மேஸ்திரி கீழே பார்த்துத்தான் ஏசுவான். மழை பெய்தால் கூலி இல்லை. அதைவிடக் கொடியது குளிர்காலம். உறைபனியில் சாந்து இறுகுமுன்பே உறைந்துவிடும். அப்படி எழுந்த சுவர் வெயில் பட்டதும் பொரிந்து உதிரும். ஆகவே ஆண்டின் கடைசியில் தொடங்கி வசந்தம் வரை கட்டுமானம் ஏறக்குறைய நின்றுவிடும். தனி ஆண்கள் பலர் அந்த மாதங்களில் கப்பலேறி ஊருக்குப் போய், பனி உருகியதும் திரும்பினார்கள். ‘வலசைப் பறவைகள்’ என்று அமெரிக்கச் செய்தித்தாள்கள் அவர்களை இகழ்ச்சியாக அழைத்தன. குடும்பத்தோடு வந்தவனுக்குச் சிறகில்லை. அந்த மூன்று நான்கு மாதங்களை அவன் எப்படிக் கடந்தான் என்பதில்தான் இந்த வரலாற்றின் மறைந்த பாதி இருக்கிறது.

அந்தப் பாதியைச் சுமந்தவர்கள் பெண்கள். இரண்டு அறைக் குடியிருப்பில் ஊர்க்காரத் தனி ஆண்கள் மூவரையோ நால்வரையோ உணவும் படுக்கையுமாக வைத்துக்கொள்வார்கள். சமையலும் துவைப்பும் வீட்டுக்காரியின் பொறுப்பு. தையற்கூடங்களிலிருந்து அரைகுறையாகத் தைத்த கோட்டுகள் கட்டுக்கட்டாக வீட்டுக்கு வரும். ஓரம் மடித்துப் பொத்தான் வைத்துத் திருப்பித் தர வேண்டும். தொப்பிகளில் செருகும் துணிப்பூக்கள் செய்வதும், கொட்டைகளை உடைத்துப் பருப்பெடுப்பதும் மற்ற வேலைகள். பள்ளிவிட்டு வந்த பிள்ளைகள் விளக்கொளியில் காம்பையும் இதழையும் ஒட்டுவார்கள். லூயிஸ் ஹைன் 1908 முதல் குழந்தைத் தொழிலாளர் ஒழிப்புக் குழுவுக்காக எடுத்த ஒளிப்படங்களில் இந்த அடுப்படிகளை நாம் காணலாம். மேசையைச் சுற்றி அம்மாவும் ஐந்தாறு பிள்ளைகளும், மடியில் கைக்குழந்தை, நடுவே பூக்குவியல். சில படங்களில் ஓரமாக அப்பாவும் கை கட்டி அமர்ந்திருப்பார். அவரைச் சோம்பேறி என்று அக்காலச் சீர்திருத்தக்காரர் சிலர் எழுதினார்கள். படம் எடுக்கப்பட்ட மாதத்தையும் அவர்கள் பார்த்திருக்கலாம்.

நம் கல்லூரி வகுப்புகளில் கொத்தனார் வீட்டுப் பிள்ளைகள் எப்போதும் சிலர் இருப்பார்கள். கணவன் கொத்தனார், மனைவி அதே சாரத்தின் கீழ் சித்தாள் என்பது நம் ஊர் வழக்கம். கணக்கெடுப்பவர் கண்ணில் இருவரும் படுவார்கள். நியூயார்க்கில் ஒருவர் மட்டுமே கட்டடத் தொழிலாளி என்று பதிவானார். மற்றவர் ‘இல்லத்தரசி’ என்ற கட்டத்துள் மறைந்தார். ஆனால் சாந்து உறையும் காலத்தில் அடுப்பு உறையாமல் காத்தது அந்தக் கட்டத்துள் மறைந்தவரின் உழைப்பு.

சங்கங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். கொத்தனார் சங்கம் 1865 முதலே இருந்தது. ஆனால் பழைய குடியேறிகளின் கோட்டை அது. நுழைவுக் கட்டணமும் மொழியும் புதியவர்களை வெளியே நிறுத்தின. சுரங்க ரயிலுக்குத் தோண்டிய இத்தாலியர் 1903இல் கூலியையும் வேலை நேரத்தையும் முன்வைத்து வேலைநிறுத்தம் செய்தபோது, இவர்கள் கூலியைக் கெடுக்க வந்தவர்கள், சங்கம் கட்டத் தெரியாதவர்கள் என்ற பேச்சு பொய்த்தது. அதே ஆண்டில்தான் சாந்து சுமப்போருக்கும் கட்டடக் கூலிகளுக்குமான அனைத்துநாட்டுச் சங்கம் தோன்றியது. 1908இல் அதன் தலைமைக்கு தொமேனிகோ தலெஸ்ஸாந்த்ரோ என்ற இத்தாலியக் குடியேறியே வந்தார்.

இனி, யாரும் பேச விரும்பாத பகுதிக்கு வருவோம். சாரம் சரிந்தால், சுவர் விழுந்தால், வீட்டுக்கு என்ன கிடைக்கும்? 1910 வரை விடை: பெரும்பாலும் ஒன்றுமில்லை. வழக்குத் தொடுக்கலாம். ஆனால் முதலாளிக்கு மூன்று கேடயங்கள் இருந்தன. ஆபத்து தெரிந்துதானே வேலைக்கு வந்தான் என்பது ஒன்று. அவனும் கவனக்குறைவாக இருந்தான் என்பது மற்றொன்று. மூன்றாவதுதான் விந்தை: விபத்துக்குக் காரணம் உடன் வேலை செய்த இன்னொரு தொழிலாளி, ஆகவே முதலாளி பொறுப்பாகார். கட்டடப் பணியில் எந்த விபத்தில்தான் இன்னொரு தொழிலாளியின் கை இருக்காது? நியூயார்க் மாநிலம் 1910இல் இயற்றிய கட்டாய இழப்பீட்டுச் சட்டத்தை மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றம் 1911 மார்ச் 24 அன்று செல்லாது என்றது. தவறிழைக்காத முதலாளியின் சொத்தைப் பறிப்பதாம். மறுநாள், மார்ச் 25, டிரையாங்கிள் தையற்கூடம் பற்றி எரிந்து 146 பேர் மாண்டார்கள். அவர்களுள் கணிசமானோர் இத்தாலியக் குடும்பங்களின் இளம்பெண்கள். 1913இல் மாநில அரசமைப்பையே திருத்தி, 1914இல் புதிய இழப்பீட்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 1917இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது.

குடும்பத்தை உடன் அழைத்து வந்தவனுக்கும் ஊரில் விட்டு வந்தவனுக்கும் சாவிலும் வேறுபாடு இருந்தது என்பதைப் பலர் அறியார். பென்சில்வேனியாவில் ரயில் நிறுவனத்தின் கவனக்குறைவால் இறந்ததாகக் கூறப்பட்ட ஓர் இத்தாலியரின் மனைவி, இத்தாலியில் இருந்தபடி வழக்குத் தொடுத்தார். 1909இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளிற்று. அந்நாட்டில் வசிக்காத அயல்நாட்டு உறவினருக்கு அம்மாநிலச் சட்டம் உரிமை தரவில்லை, இரு நாட்டு ஒப்பந்தமும் அதை மாற்றவில்லை என்பது தீர்ப்பு. அதாவது, இறந்தவன் அதே ஆள், இறந்த விதமும் அதுவே. விதவை கடலின் எந்தக் கரையில் அழுகிறாள் என்பதைப் பொறுத்து அவனுடைய உயிருக்கு விலை உண்டு, அல்லது இல்லை. இத்தாலிய அரசு தொடர்ந்து முறையிட்டு, 1913இல் ஒப்பந்தத்தைத் திருத்தியபின்னரே இந்த அநீதி தணிந்தது. மனைவியை வரவழைப்பதற்குப் பாசமே முதற்காரணம் என்பதில் ஐயமில்லை. ஆனால் இத்தகைய வழக்குகளின் செய்தி அந்தத் தெருக்களில் பேசப்படாமல் இருந்திருக்கும் என்று நாம் நம்பவில்லை.

இவ்வளவையும் ஒரு வீட்டுக்குள் நிறுத்திக் காட்டிய இலக்கியம் ஒன்று உண்டு. பியேத்ரோ டி டொனாட்டோ 1939இல் வெளியிட்ட ‘கிறைஸ்ட் இன் கான்கிரீட்’ நாவல் அது. ஆசிரியர் 1911இல் நியூஜெர்சியில் பிறந்தவர். பெற்றோர் அப்ரூட்ஸோவிலிருந்து வந்தவர்கள். தந்தை கொத்தனார். 1923 மார்ச் 30, பெரிய வெள்ளிக்கிழமை, கட்டடம் சரிந்து தந்தை மடிந்தார். எட்டுப் பிள்ளைகளுள் மூத்தவரான பியேத்ரோவுக்கு அப்போது பன்னிரண்டு வயது நிறையவில்லை. அவர் கரணையைக் கையிலெடுத்தார். பின்னர் பொருளாதார மந்தக் காலத்தில் வேலையின்றி இருந்தபோதுதான் நூலகத்தில் அமர்ந்து படிக்கும் ஓய்வு அவருக்குக் கிடைத்தது. எழுத்து அங்கிருந்து பிறந்தது. 1937இல் ‘எஸ்குவயர்’ இதழில் சிறுகதையாக வந்ததே நாவலின் முதல் அத்தியாயமாயிற்று.

நாவலில் வரும் கெரேமியோ மேஸ்திரி நிலைக்கு உயர்ந்தவன். சொந்த வீட்டுக்கு முன்பணம் கட்டி முடித்தவன். முட்டுக்கட்டைகள் போதாது என்று அவனுக்குத் தெரிகிறது. ஒப்பந்தக்காரனிடம் சொல்லியும் பார்க்கிறான். வேலை போனால் வீடு போகும் என்ற அச்சம் வாயைக் கட்டுகிறது. இங்கே நாம் ஓரிடத்தில் நிற்க வேண்டியிருக்கிறது. பத்ரோனேயிடமிருந்து குடும்பம் அவனை விடுவித்தது என்று மேலே சொன்னோம். அதே குடும்பம்தான் ஆபத்தான சாரத்திலிருந்து இறங்கிப் போக முடியாதபடி அவனைக் கட்டியும் போட்டது. தனியாளாக இருந்தால் கரணையை எறிந்துவிட்டு அடுத்த ஊருக்கு நடந்திருப்பான். டி டொனாட்டோ இந்த இரண்டையும் ஒரே மனிதனின் நெஞ்சுக்குள் வைத்துக் காட்டுகிறார். இழப்பீட்டு விசாரணையில் தாயும் மகனும் படும் அவமானம் நாவலின் மிகச் சிறந்த பகுதிகளுள் ஒன்று. சட்டம் வந்துவிட்டது, ஆனால் சட்டத்தின் முன் நின்று பேச மொழி வரவில்லை. அந்நாவலின் மொழிநடையும் இத்தாலியத் தொடரமைப்பை ஆங்கிலத்தில் வைத்துக் கட்டியது; சிலருக்கு அது உறுத்தலாம். நமக்கு அந்தக் கரடுமுரடு பொருத்தமாகவே படுகிறது. பிற்பகுதியில் சமயக் குறியீடுகள் சற்று மிகுந்துவிடுகின்றன என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. தோட்டக் கூலிகளின் அவலத்தைப் பேசும் புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’யோடு சேர்த்துப் படிக்க விரும்பும் மாணவர்களுக்கு இதை நாம் பரிந்துரைப்பதுண்டு. ஆனால் புதுமைப்பித்தன் தோட்டத்தை வெளியிலிருந்து பார்த்தவர். இவர் சாரத்தின் மேலிருந்தே எழுதியவர்.

நாவல் வந்த காலத்தில் அந்தப் புலப்பெயர்வே முடிந்துவிட்டிருந்தது. 1924ஆம் ஆண்டுச் சட்டம் இத்தாலிக்கு ஒதுக்கிய ஆண்டு வரம்பு 3,845 பேர். அதற்கு முன் ஒரே ஆண்டில் இரண்டு லட்சத்துக்கு மேல் வந்து இறங்கிய நாடு அது. 1949இல் நாவலை எட்வர்ட் டிமித்ரிக் திரைப்படமாக்கினார். இடதுசாரி என்று ஹாலிவுட் விலக்கிவைத்த பத்துப் பேருள் ஒருவர் அவர்; அமெரிக்காவில் அவருக்கு வேலை தருவார் இல்லை. எனவே அவரும் கடல் கடந்து வேலை தேடினார். நியூயார்க்கின் சாரங்களும் செங்கற்சுவர்களும் மாடிக் குடியிருப்புகளும் அந்தப் படத்துக்காக இங்கிலாந்தின் டென்ஹாம் படப்பிடிப்புத் தளத்தில் எழுப்பப்பட்டன.